நீர் சூடானால் நானோ துகள் பாசிக்குக் கூடுதல் நஞ்சாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் மாணவர்களும், ஏரி குளங்கள் மேல் அக்கறை உள்ளவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உடனடியாக விடை வேண்டும் என்பவர்கள் நான்காவது கேள்விக்குப் போகலாம். ஆனால் அந்த விடை ஏன் அப்படி இருக்கிறது என்பது மற்றக் கேள்விகளில்தான் இருக்கிறது.

நானோ துகள் எப்படித் தண்ணீருக்கு வந்து சேர்கிறது?

ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களை நானோ துகள் என்கிறோம். சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் இருக்கின்றன. நாற்றம் வராத சாக்ஸ், காயக்கட்டு, சில பெயின்ட் வகைகள் ஆகியவற்றில் வெள்ளி இருக்கிறது. குளிக்கும்போதும் துவைக்கும்போதும் இவற்றில் ஒரு பகுதி சாக்கடைக்குப் போகிறது. 2008-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெள்ளி கலந்த சாக்ஸ்களை வாங்கித் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில ஜோடிகள் நான்கே அலசலில் ஏறத்தாழ எல்லா வெள்ளியையும் விட்டுவிட்டன, சில ஜோடிகள் கிட்டத்தட்ட எதையுமே விடவில்லை. துணியில் வெள்ளியை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

சோதனைக்கு ஏன் பாசி?

நீர்நிலையின் உணவுச் சங்கிலி நுண்பாசியில்தான் தொடங்குகிறது. அதோடு, பாசி செல் ஒரு நாளைக்குள் இரண்டாகிவிடும், மூன்றே நாளில் பல தலைமுறைகளைப் பார்த்துவிடலாம். மீனில் இதைச் செய்ய வருடங்கள் ஆகும்.

துகள் பாசியை என்னதான் செய்கிறது?

மூன்று வழிகள் முக்கியமானவை. முதலாவது, துகள் கரைந்து உலோக அயனியை விடுகிறது, அந்த அயனி செல்லுக்குள் புகுந்து நொதிகளையும் ஒளிச்சேர்க்கையையும் கெடுக்கிறது. இரண்டாவது, துகளின் மேற்பரப்பில் ஆக்சிஜனின் வீரியமிக்க வடிவங்கள் உருவாகிச் செல் சவ்வை அரிக்கின்றன. மூன்றாவது, துகள்கள் செல்லின் மேல் படிந்து ஒளியை மறைக்கின்றன, ஊட்டம் உள்ளே போவதைத் தடுக்கின்றன.

எந்த வழி எவ்வளவு என்பதில் நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. 2007-ல் ஆஸ்திரேலியாவில் துத்தநாக ஆக்சைடை நானோ வடிவிலும், சாதாரணத் தூளாகவும், கரைந்த துத்தநாக உப்பாகவும் ஒரே பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் வளர்ச்சியைப் பாதியாக்கின, லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் துத்தநாகம் என்ற அளவுக்கு அருகில். அங்கே நஞ்சு கரைந்த துத்தநாகம்தான், துகளின் சிறுமைக்குத் தனிப் பங்கு தெரியவில்லை.

வெள்ளியின் கதை கொஞ்சம் சிக்கல். 2008-ல் சுவிட்சர்லாந்தின் ஈவாக் ஆய்வு நிறுவனத்தினர் கிளாமிடோமோனாஸ் என்ற பாசிக்கு வெள்ளி நானோ துகளைக் கொடுத்தார்கள். வெள்ளி அயனியை இறுகப் பிடித்துக்கொள்ளும் சிஸ்டீனைச் சேர்த்ததும் ஒளிச்சேர்க்கை பாதிக்கப்படவில்லை. ஆகவே அயனிதான் குற்றவாளி. ஆனால் நீரில் அளந்த அயனியின் அளவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், துகள், கரைந்த வெள்ளி உப்பான சில்வர் நைட்ரேட்டைவிட அதிக நஞ்சாகத் தெரிந்தது. அதாவது பாசியின் அருகிலேயே துகள் தொடர்ந்து அயனியை விட்டுக்கொண்டிருக்கிறது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வெப்பநிலை உள்ளே வரும்போது இது மறுபடி தேவைப்படும்.

சரி, நீர் சூடானால் நஞ்சு கூடுமா?

சில துகள்களுக்குக் கூடும், சிலவற்றுக்குக் கூடாது, சில இடங்களில் குறையவும் செய்யும். "வெப்பம் ஏறினால் எல்லா நஞ்சும் ஏறும்" என்ற பொதுவிதி உலோக நானோ துகளுக்குப் பொருந்தாது. இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. ஒன்று துகளின் வேதியியல், மற்றது பாசியின் உடல்நிலை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கலாம். என் கருத்தில், பாசி தன் வெப்ப வரம்புக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

வெள்ளித் துகள் வெந்நீரில் வேகமாகக் கரையுமா?

கரையும். பாசியின் அருகிலேயே துகள் அயனியை விடுகிறது என்று மேலே பார்த்தோமே, அந்த வேகமும் கூடும். வெள்ளி கரைவது ஓர் ஆக்சிஜனேற்றம். அதற்கு நீரில் கரைந்த ஆக்சிஜனும் ஹைட்ரஜன் அயனியும் வேண்டும். 2010-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியூவும் ஹர்ட்டும் 0 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை அளந்து, வெப்பநிலை ஏற ஏற அயனி வெளியாகும் வேகமும் ஏறுவதைக் காட்டினார்கள். பிஹெச் உயர்ந்தாலோ, இலைதழை மக்கிய நீரில் இருக்கும் ஹியூமிக் அமிலம் சேர்ந்தாலோ வேகம் குறைந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. 20 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் 7.6 தான். ஆனாலும் வினையின் வேகம் கூடுவது இந்தக் குறைவை மிஞ்சிவிடுகிறது. பகல் நேரக் குளத்தில் பாசியே ஆக்சிஜனை வெளிவிடுவதால் பற்றாக்குறையும் அவ்வளவாக இருக்காது.

அப்படியானால் துத்தநாக ஆக்சைடும் அதேபோலத்தானே?

இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், விஷயம் மிகவும் சுவையாக இருப்பதும் இங்கேதான்.

துத்தநாக ஆக்சைடு கரையும் வினை வெப்பத்தை வெளிவிடும் வினை. அப்படிப்பட்ட வினையில் நீரைச் சூடாக்கினால் சமநிலை பின்னோக்கி நகரும். கரையும் வேகம் கூடலாம், ஆனால் கடைசியில் எவ்வளவு கரைந்து நிற்கும் என்ற எல்லை குறைந்துவிடும். வேகத்தையும் எல்லையையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் முடிவு தலைகீழாகிவிடும்.

2014-ல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கடல்நீரில் இதைச் சோதித்தார்கள். ஸ்கெலிடோனீமா காஸ்டேட்டம் என்ற டயட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி), ஒரு சிறு ஓட்டுயிரி, ஒரு கடல் மெடாகா மீன் ஆகிய மூன்றையும் வெவ்வேறு வெப்பநிலையில் வைத்து நானோ துத்தநாக ஆக்சைடைக் கொடுத்தார்கள். வேதியியல் சொன்னதுபோலவே, வெப்பநிலை குறையக் குறையத் துத்தநாக அயனி அதிகமாக வெளிவந்தது. அப்படியென்றால் குளிர்ந்த நீரில்தானே டயட்டம் அதிகம் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்? நடந்தது நேர்மாறு. வெப்பநிலை ஏற ஏற டயட்டத்தின் வளர்ச்சித் தடையும் ஏறியது. ஓட்டுயிரியின் சாவும் அப்படியே. மீனின் வளர்ச்சியை வெப்பநிலை மட்டும் பாதித்தது, துகள் பாதிக்கவில்லை.

நீரில் நஞ்சு குறைவாகக் கரைந்திருக்கும்போதே உயிர் அதிகம் அடிபடுகிறது என்றால், நீரை மட்டும் அளந்து ஆபத்தைச் சொல்ல முடியாது என்றுதான் பொருள். அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த முடிவைப் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

பாசிக்குள் வெப்பம் என்ன செய்கிறது?

பாசியின் வளர்ச்சியை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால், கோடு மெதுவாக ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் சட்டென்று செங்குத்தாக விழும். ஏறும் பக்கத்தில் ஐந்து டிகிரி கூடினால் பாசிக்கு லாபம். உச்சத்தைத் தாண்டியபின் அதே ஐந்து டிகிரி உயிரையே எடுக்கலாம். மலைப்பாதையில் ஒரு பக்கம் சரிவாக ஏறி மறுபக்கம் பாறை விளிம்பில் நிற்பதுபோல.

ஏறும் பக்கத்தில் நிற்கும் பாசிக்கு மிதமான வெப்பம் உதவிகூடச் செய்யும். செல்கள் வேகமாகப் பிரிவதால், உள்ளே புகுந்த உலோகம் மகள் செல்களுக்குப் பங்காகி ஒரு செல்லுக்கான அளவு குறைகிறது. சேதத்தைச் சரிசெய்யும் நொதிகளும் சுறுசுறுப்பாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில், உலோகத்தை உள்ளே இழுக்கும் வேகமும் கூடும். இரண்டில் எது முந்துகிறதோ அதைப் பொறுத்து நஞ்சு கூடும் அல்லது குறையும்.

விளிம்புப் பக்கத்தில் கதை வேறு. வெப்பமே ஒளிச்சேர்க்கையின் இரண்டாம் ஒளித்தொகுதியைக் கெடுக்கிறது, குறிப்பாக நீரைப் பிளந்து ஆக்சிஜன் தரும் பகுதியை. சவ்வுகள் இளகுகின்றன. வீரிய ஆக்சிஜன் வடிவங்கள் ஏற்கனவே உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். வெள்ளியும் துத்தநாகமும் தாக்குவதும் இதே இடங்களைத்தான். அந்தப் பாசிக்குத் தாங்கும் இருப்பு எதுவும் மிச்சமில்லை.

எல்லாப் பாசிக்கும் உச்சம் ஒன்றல்ல. குளோரெல்லா சொரோகினியானா 38 டிகிரிக்கு மேலும் நன்றாக வளரும். 25 டிகிரிக்குமேல் திணறும் டயட்டங்களும் உண்டு. 2012-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு கடல் நுண்பாசிகளின் வெப்ப உச்சங்களை உலகளவில் ஒப்பிட்டது. வெப்பமண்டலக் கடலில் வாழும் பாசிகள் ஏற்கனவே தங்கள் உச்சத்துக்கு அருகிலேயே வாழ்கின்றன, அதனால் மேலும் சூடேறினால் அவற்றுக்குத்தான் இழப்பு அதிகம் என்று அது காட்டியது. நமக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்ட செய்தி.

டைட்டானியம் டை ஆக்சைடு?

இது கரையாது. ஒளி பட்டால்தான் வினை செய்யும், அதிலும் சுமார் 390 நானோமீட்டருக்குக் கீழுள்ள புறஊதா ஒளி வேண்டும். 2012-ல் கலிபோர்னியாவில், வெயிலில் இயல்பாக இருக்கும் அளவு புறஊதா ஒளியிலேயே இது கடல் நுண்பாசிகளுக்கு நஞ்சாகிறது என்று காட்டினார்கள். அந்த ஒளியைத் தடுத்தபோது பாதிப்பு இல்லை. ஆகவே இங்கே வெப்பநிலையைவிட வெயில்தான் பெரிய காரணி. ஆய்வகத்தின் சாதாரண வெள்ளை விளக்கின் கீழ் சோதித்து "பாதுகாப்பானது" என்று எழுதினால் அதை நம்பாதீர்கள்.

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும் என்கிறார்களே, வெப்பம் அதை மாற்றுமா?

ஓரளவு. 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் நீரின் பாகுத்தன்மை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, துகள்கள் அலையும் வேகம் சுமார் 30 சதவீதம் கூடுகிறது. மோதல் அதிகம் என்பதால் திரள்வதும் அதிகமாகலாம். ஆனால் உப்பும், துகளின் மேலுள்ள பூச்சும், எவ்வளவு துகள் இருக்கிறது என்பதும் இதைவிடப் பெரிய காரணிகள். மேலே சொன்ன ஹாங்காங் ஆய்விலும் திரளின் அளவை முதலில் தீர்மானித்தது துகளின் செறிவு, அடுத்தது நேரம். வெப்பநிலைக்குக் கடைசி இடம்.

பாதுகாப்பு எண்கள் எந்த வெப்பநிலையில் எடுக்கப்படுகின்றன?

உலகம் முழுக்கப் பெரும்பாலும் ஓஇசிடி எனும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 201-ஆம் சோதனை முறையைப் பின்பற்றுகிறார்கள். 72 மணி நேரம், 21 முதல் 24 டிகிரிக்குள் ஒரு நிலையான வெப்பநிலை. அதிகம் பயன்படும் பாசி ராஃபிடோசெலிஸ் சப்கேபிடேட்டா, பிறைநிலா வடிவில் இருக்கும் ஒரு பச்சைப் பாசி. 1959-ல் நார்வேயின் நிடெல்வா ஆற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பாசியின் வழி வந்தது அது.

எல்லா நாட்டு முடிவுகளையும் ஒப்பிட ஒரே முறை வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் குளிர் நாட்டு ஆற்றுப் பாசியை 23 டிகிரியில் வைத்து எடுத்த எண்ணை, சித்திரை வெயிலில் 30 டிகிரியைத் தாண்டும் ஒரு கண்மாய்க்கு அப்படியே ஒட்டுவது சரியல்ல. அந்த எண் அங்கே அதிகப் பாதுகாப்பாகவும் இருக்கலாம், போதாததாகவும் இருக்கலாம். அந்தந்த நீரின் வெப்பநிலையில், அந்தந்த நீரின் பாசியில் ஒருமுறையாவது சோதிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

இசி50 எண் வெப்பநிலையோடு இறங்கினால் நஞ்சு கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

முதலில் அது எதைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். இசி50 என்பது ஓர் அளவைப் பாதியாக்கும் செறிவு. அந்த அளவு வளர்ச்சி வேகமா, கடைசியில் சேர்ந்த மொத்தப் பாசியா என்பதில்தான் சிக்கல்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். குளிர்ந்த குடுவையில் பாசியின் வளர்ச்சி வேகம் நாளுக்கு 1.0, அதாவது ஒரு நாளில் சுமார் 2.7 மடங்கு. சூடான குடுவையில் 1.5, அதாவது சுமார் 4.5 மடங்கு. நஞ்சு இல்லாமல் மூன்று நாளில் முதலாவது சுமார் 20 மடங்காகும், இரண்டாவது சுமார் 90 மடங்காகும். இப்போது இரண்டிலும் நஞ்சு வேகத்தைச் சரியாகப் பாதியாக்குகிறது. குளிர்ந்த குடுவை 4.5 மடங்கில் நிற்கும், சூடான குடுவை 9.5 மடங்கில். சேர்ந்த விளைச்சலில் இழப்பு என்று பார்த்தால் முதலாவதில் 82 சதவீதம், இரண்டாவதில் 90 சதவீதம். நஞ்சின் வலிமை இரண்டிலும் ஒன்றுதான்! வேகமாக வளரும் குடுவையில் கணக்கே இழப்பைப் பெரிதாகக் காட்டுகிறது.

இதனால்தான் வெப்பநிலைகளை ஒப்பிடும்போது வளர்ச்சி வேகத்தைத்தான் எடுக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனித்தனியாக நஞ்சு சேர்க்காத குடுவைகள் வேண்டும். 32 டிகிரிக் குடுவையை 22 டிகிரியின் கட்டுப்பாட்டுக் குடுவையோடு ஒப்பிட்டால், வெப்பம் செய்ததும் துகள் செய்ததும் ஒன்றாகக் கலந்துவிடும்.

ஆய்வகத்தில் வேறு எங்கெல்லாம் சறுக்கும்?

துகளைப் பிரித்துக் கலக்க அல்ட்ராசோனிக் கருவியில் வைப்பார்கள். சில நிமிடங்களிலேயே நீர் சூடாகிவிடும், வெள்ளியாக இருந்தால் பாசியைப் பார்ப்பதற்கு முன்பே கரையத் தொடங்கிவிடும். குடுவையை ஐஸ் தொட்டியில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

இன்குபேட்டரின் கதவில் தெரியும் வெப்பநிலையும் விளக்குக்கு அடியில் இருக்கும் குடுவையின் வெப்பநிலையும் ஒன்றாக இருக்காது. குடுவைக்குள்ளேயே அளவிடுங்கள்.

அப்புறம் பிஹெச். சூட்டில் வேகமாக வளரும் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித் தீர்ப்பதால் பிஹெச் ஏறுகிறது. ஏறினால் துத்தநாக ஆக்சைடு கரைவது இன்னும் குறையும். வெப்பத்தின் விளைவு என்று நினைத்தது பிஹெச்சின் விளைவாக இருக்கலாம். ஓஇசிடி முறை கட்டுப்பாட்டுக் குடுவையில் 1.5 அலகுக்குமேல் ஏறக் கூடாது என்கிறது. வளர்ப்பு ஊடகத்தில் இடிடிஏ எவ்வளவு என்பதையும் எழுதிவையுங்கள், அது துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

செல்களை எண்ணும் கருவி துகள் திரளையும் செல் என்று எண்ணிவிடும். பச்சையத்தைப் பிரித்தெடுத்து அதன் ஒளிர்வை அளப்பது இதைவிட நம்பகமானது.

பாசி சூட்டுக்குப் பழகிக்கொள்ளாதா?

பழகும், அதுவும் வியக்கத்தக்க வேகத்தில். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் குளோரெல்லா வல்காரிஸை உயர்ந்த வெப்பநிலைகளில் வளர்த்தபோது, தொடக்கத்தில் தடுமாறிய அது, சுமார் 100 தலைமுறைக்குள் 33 டிகிரியிலும் நன்றாக வளரத் தொடங்கியது. 22 டிகிரியில் இருந்த பாசியைத் திடீரென்று 32-க்கு மாற்றி அன்றே நஞ்சைச் சேர்த்தால் நீங்கள் பார்ப்பது வெப்ப அலையின் விளைவை. வருடக்கணக்கில் மெதுவாகச் சூடாகும் ஏரியின் விளைவு வேறு. இரண்டும் நிஜ உலகில் நடப்பவை, எதைச் சோதிக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும்.

உண்மையான ஏரியில் இவ்வளவு நஞ்சு இருக்குமா?

வெள்ளி நானோ துகள் இயற்கை நீரில் லிட்டருக்கு நானோகிராம் அளவிலும், டைட்டானியம் மைக்ரோகிராம் அளவிலும் இருக்கும் என்றே கணக்கீடுகள் சொல்கின்றன. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டும் வெள்ளியின் பெரும்பகுதி அங்கேயே சல்ஃபைடாக மாறிவிடுகிறது, அதன் நஞ்சு மிகக் குறைவு. சுத்திகரிக்காத சாக்கடை நேராக ஏரிக்குப் போகும் ஊர்களில் இந்த ஆறுதலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முழு ஏரியிலேயே சோதித்தவர்களும் உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் 222 என்ற எண்ணுள்ள ஏரியில் 2014-லும் 2015-லும் வெள்ளி நானோ துகளைச் சேர்த்தார்கள். பாசிக் கூட்டத்தில் நீடித்த மாற்றம் தெரியவில்லை. ஆனால் மஞ்சள் பெர்ச் மீன்களின் எண்ணிக்கை சரிந்தது. குடுவையில் மடியும் பாசி ஏரியில் தப்பிக்கக் காரணம், அங்கே மக்கிய கரிமப் பொருள் அயனியைப் பிடித்துக்கொள்வதும், ஓரினம் போனால் இன்னோரினம் அந்த இடத்தை நிரப்புவதும். அது குளிர் நாட்டு ஏரி என்பதை மறக்க வேண்டாம். உலகின் 235 ஏரிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, 1985 முதல் 2009 வரை ஏரிகளின் கோடைக்கால மேற்பரப்பு நீர் பத்தாண்டுக்கு 0.34 டிகிரி என்ற வேகத்தில் சூடானதாகச் சொல்கிறது. அதே சோதனையை வெப்பமண்டல ஏரி ஒன்றில் செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சூடான நீரில் நீலப்பச்சைப் பாசிதானே மிஞ்சும்?

அந்தக் கவலை நியாயமானது. குளத்தைப் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல ஆக்கும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி 25 டிகிரிக்கு மேல்தான் செழிக்கும். துகளால் பச்சைப் பாசியும் டயட்டமும் தளர்ந்தால் அதற்கு இடம் கிடைக்கும். ஆனால் வெள்ளி நீலப்பச்சைப் பாசியையும் விட்டுவைப்பதில்லை. ஒற்றை இனத்தைக் குடுவையில் வைத்துச் செய்யும் சோதனை இதற்கு விடை தராது, கலந்த கூட்டத்தில் பார்க்க வேண்டும்.

கல்லூரி புராஜெக்டாக இதைச் செய்யலாமா?

தாராளமாக. துத்தநாக ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள், விலை குறைவு, கையாள எளிது. மூன்று வெப்பநிலைகள் போதும்: 22, 27, 32. பாசியை ஒவ்வொரு வெப்பநிலையிலும் இரண்டு வாரமாவது வளர்த்துப் பழக்குங்கள். நானோ துகளோடு துத்தநாகக் குளோரைடையும் தனி வரிசையாக வைத்தால்தான் துகளையும் அயனியையும் பிரித்துப் பார்க்க முடியும். கரைந்த துத்தநாகத்தைத் தொடக்கத்திலும் 72 மணி நேர முடிவிலும் அளவிடுங்கள். துகளை வடிகட்டிப் பிரிக்கச் சாதாரண 0.45 மைக்ரோமீட்டர் வடிதாள் போதாது, அதன் வழியே நானோ துகள் தாராளமாகப் போய்விடும். அதிநுண்வடிப்பு (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) குழாயோ அதிவேக மையவிலக்கோ உள்ள துறையை முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் பாசியை வளர்க்கத் தொடங்குங்கள்.